பல மாறிப் பல்லுறுப்புக்கோவை சரியாகப் பொருந்தவில்லையா? அறிகுறியை வைத்துப் பிழையைப் பிடிக்கும் வழி

அளவீடுகளுக்கு ஒரு பல்லுறுப்புக்கோவையைப் பைத்தான், மாட்லேப், ஆர், மேதமேட்டிகா, எக்செல் என எந்த மென்பொருளில் பொருத்தினாலும் உள்ளே நடக்கும் வேலை ஒன்றுதான். ஓர் உறுப்புக்கு ஒரு நிரல் (செங்குத்து வரிசை), ஓர் அளவீட்டுக்கு ஒரு நிரை (கிடை வரிசை) என்று ஓர் அணி கட்டப்படுகிறது. பிறகு மீச்சிறு வர்க்க முறையில், அதாவது பிழைகளின் வர்க்கக் கூட்டல் மிகக் குறைவாக வரும்படி, உறுப்புகளைப் பெருக்கும் எண்களான கெழுக்கள் கணக்கிடப்படுகின்றன. விடை கோணலாக வந்தால் பலர் மென்பொருளை மாற்றுகிறார்கள், அல்லது கோவையின் படியை (உச்ச அடுக்கை) கூட்டுகிறார்கள். இரண்டும் பெரும்பாலும் வீண் வேலை. கோளாறு அந்த அணியில்தான் இருக்கும்: எந்த நிரல்கள் உள்ளே போயின, புள்ளிகள் எங்கே விழுந்தன, எண்களின் அளவு என்ன என்ற மூன்றில் ஒன்று. அதனால் கெழுக்களைப் பார்ப்பதற்கு முன்பே அணியில் எத்தனை நிரல், அதன் தரம் (ஒன்றிலிருந்து ஒன்று கிடைக்காத தனி நிரல்களின் எண்ணிக்கை) எவ்வளவு, கண்டிஷன் எண் (சிறு பிழை விடையில் எத்தனை மடங்கு பெருகலாம் என்பதன் அளவு) எவ்வளவு என்று அச்சிட்டுப் பாருங்கள்.

கையில் பிடித்துப் பார்க்க ஓர் உதாரணம் வேண்டும். அமெரிக்கத் தேசிய வானிலைச் சேவை பயன்படுத்தும் வெப்பக் குறியீட்டுச் சூத்திரத்தை எடுத்துக்கொள்கிறேன். வெப்பமும் ஈரப்பதமும் சேர்ந்து உடம்புக்கு எவ்வளவு சூடாகத் தெரியும் என்பதை ஸ்டெட்மன் 1979-இல் கணித்தார். அந்தக் கணிப்புக்கு 1990-இல் லான்ஸ் ரோத்ஃபஸ் ஒரு பல்லுறுப்புக்கோவையைப் பொருத்தினார். வெ என்பது ஃபாரன்ஹீட்டில் வெப்பநிலை, ஈ என்பது ஈரப்பத விழுக்காடு:

குறியீடு = −42.379 + 2.04901523 வெ + 10.14333127 ஈ − 0.22475541 வெ·ஈ − 0.00683783 வெ² − 0.05481717 ஈ² + 0.00122874 வெ²·ஈ + 0.00085282 வெ·ஈ² − 0.00000199 வெ²·ஈ²

இரண்டு மாறி, ஒன்பது கெழு. கீழே வரும் கோளாறுகளில் பலவற்றை இதிலேயே காட்டலாம்.

முதலில் விடை தெரிந்த சோதனை

வெ 80 முதல் 110 வரை ஐந்தைந்தாக, ஈ 40 முதல் 100 வரை பத்துப் பத்தாக எடுங்கள். 49 புள்ளிகள் கிடைக்கும். ஒவ்வொன்றுக்கும் மேலே உள்ள சூத்திரத்தில் குறியீட்டைக் கணக்கிட்டு, அதையே தரவாக உங்கள் கோடுக்கு (கணினிக்கு நீங்கள் எழுதிய கட்டளைத் தொகுப்புக்கு) கொடுங்கள். அதே ஒன்பது கெழுக்கள் திரும்பி வந்தால் உங்கள் கோடு சரி, பிரச்சினை தரவில் இருக்கிறது. வராவிட்டால் தரவைத் தொடவே வேண்டாம், கோடைத் திருத்துங்கள். இந்தச் சோதனையைச் செய்யாமல் உண்மைத் தரவோடு மல்லுக்கட்டுவது நேர விரயம்.

"ஒரே ஒரு மாறியைத்தான் வாங்கிக்கொள்கிறது"

பைத்தானின் கணக்கு நூலகமான நம்பையிலும் மாட்லேபிலும் உள்ள பாலிஃபிட் கட்டளை ஒரு மாறிக்கு மட்டுமே. மேப்பிள் மென்பொருளின் பாலினாமியல்ஃபிட்டும் அப்படித்தான். மாட்லேபின் வளைகோட்டுப் பொருத்தப் பெட்டியில் இரண்டு மாறிக்கு வசதி உண்டு. மூன்றாவது மாறிக்கு இடமில்லை, படியும் ஐந்தைத் தாண்டாது. அதற்கு மேல் வேண்டுமென்றால் நிரல்களை நீங்களே கட்டி, மீச்சிறு வர்க்கக் கட்டளையிடம் கொடுங்கள். சில வரிகளில் முடிகிற வேலை, எந்த நிரல் எங்கே இருக்கிறது என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

"ஓடிக்கொண்டே இருக்கிறது, முடிவுக்கு வரமாட்டேன் என்கிறது"

பைத்தானின் சைபை நூலகத்தில் உள்ள கர்வ்ஃபிட்டையோ சேஜ் மென்பொருளின் ஃபைண்ட்ஃபிட்டையோ பயன்படுத்தியிருப்பீர்கள். இரண்டும் எல்லாக் கெழுக்களையும் 1 என்று ஊகித்துத் தொடங்கி, படிப்படியாகத் தேடுபவை. நேரியல் அல்லாத வடிவங்களுக்காக எழுதப்பட்டவை. பல்லுறுப்புக்கோவை எத்தனை படியாக இருந்தாலும் கெழுக்களைப் பொறுத்தவரை நேரியல்தான். தேடவே வேண்டியதில்லை, ஒரே கணக்கில் விடை வந்துவிடும். கருவியை மாற்றுங்கள்.

"கெழுக்களின் எண்ணிக்கை நான் நினைத்ததாக இல்லை"

"இரண்டு மாறி, இரண்டாம் படி" என்று சொன்னால் இரண்டு விதமாகப் புரிந்துகொள்ளலாம். மொத்தப் படி இரண்டு என்றால் 1, வெ, ஈ, வெ², வெ·ஈ, ஈ² என ஆறு உறுப்புகள். ஒவ்வொரு மாறியும் இரண்டாம் படி வரை போகலாம் என்றால் வெ²·ஈ² வரை ஒன்பது. மாட்லேபில் பாலி22 என்று கேட்டால் ஆறு கிடைக்கும். நம்பையின் பாலிவாண்டர்2டி-யிடம் அதே 2, 2 கொடுத்தால் ஒன்பது கிடைக்கும். வெப்பக் குறியீட்டுக்கு ஒன்பதும் தேவை. பாலி22 வைத்து மேலே சொன்ன சோதனையைச் செய்தால் கடைசி மூன்று உறுப்புகளும் இல்லாமல் மீதி ஆறும் வேறு எண்களாக மாறிவிடும்.

எண்ணிக்கை சரியாக இருந்தும் வரிசை மாறலாம். பாலிவாண்டர்2டி தரும் வரிசை 1, ஈ, ஈ², வெ, வெ·ஈ, வெ·ஈ² என்று போகும். பைத்தானின் இன்னொரு நூலகமான சைகிட்-லேர்னின் பாலினாமியல்ஃபீச்சர்ஸ் 1, வெ, ஈ, வெ², வெ·ஈ, ஈ² என்று தரும். எக்செலின் லின்எஸ்ட் எல்லாவற்றையும் தலைகீழாகத் தரும்: கடைசி நிரலின் கெழு முதலில், மாறிலி கடைசியில். செயற்கைக்கோள் படங்களுக்கான பல்லுறுப்புக்கோவைக் கோப்புகளிலும் இந்தத் தொல்லை உண்டு. அவற்றில் புழங்கும் இரண்டு வடிவங்களிலும் அதே 20 உறுப்புகள்தான், ஆனால் வரிசை வேறு. ஒன்றை மற்றொன்றாக நினைத்துப் படித்தால் எந்த எச்சரிக்கையும் வராது, விடை மட்டும் எங்கோ போகும்.

இதே ரகத்தில் இன்னும் மூன்று. ஆர் மொழியின் சூத்திர எழுத்தில் வெ^2 என்று நேரடியாக எழுதினால் அது வர்க்கம் ஆகாது. வெறும் வெ என்றே எடுத்துக்கொள்ளப்படும். ஐ (I) என்ற கட்டளையின் அடைப்புக்குள் போட்டால்தான் வர்க்கம். மேதமேட்டிகாவில் இரண்டு மாறிகளை இடைவெளி விடாமல் ஒட்டி எழுதினால் பெருக்கல் ஆகாது, மூன்றாவதாக ஒரு புதுப் பெயர் பிறந்துவிடும். சைகிட்-லேர்னில் பாலினாமியல்ஃபீச்சர்ஸ் தானாகவே ஒரு மாறிலி நிரலைச் சேர்க்கும், லீனியர்ரிக்ரஷன் தன் பங்குக்கு இன்னொன்றை வைத்துக்கொள்ளும். விளைவு, கெழுப் பட்டியலில் மாறிலியின் இடத்தில் 0 இருக்கும். உண்மை மாறிலி இன்டர்செப்ட் என்ற தனி இடத்தில் இருக்கும். பட்டியலை மட்டும் நகலெடுத்தால் விடை முழுவதும் ஒரே அளவு இறங்கியோ ஏறியோ நிற்கும்.

"தரம் குறைவு என்கிறது, அல்லது சில கெழுக்கள் காலியாக வருகின்றன"

இங்கேதான் பொறுமை வேண்டும். ஒரே கோளாறு ஒவ்வொரு மென்பொருளிலும் வேறு முகம் காட்டும்.

ஒரு சோதனை அறையில் இரண்டே வெப்பநிலை, இரண்டே ஈரப்பதம் வைத்து அளந்தீர்கள் என்று வையுங்கள். நடுப்புள்ளியைக் கழித்துப் பாதி வீச்சால் வகுத்தால் வெ-யும் ஈ-யும் −1 அல்லது +1. அப்படியானால் வெ² எப்போதும் 1, ஈ² எப்போதும் 1. மாறிலியின் நிரலும் 1. மூன்று நிரல்களும் அச்சு அசலாக ஒன்று. ஆறு உறுப்புக் கோவைக்கு அணியின் தரம் 4 மட்டுமே. ஒவ்வொரு மூலையிலும் ஆயிரம் தடவை அளந்தாலும் அது 4-ஐத் தாண்டாது.

அந்த மூன்று நிரல்களுக்கும் சேர்த்துத் தரவு சொல்வது 6 என்றால், நம்பை சத்தமே போடாமல் 2, 2, 2 என்று பங்கு போட்டுத் தரும். ஆர் மாறிலிக்கு 6 கொடுத்து, மற்ற இரண்டுக்கும் "இல்லை" என்று போடும். மாட்லேபில் மீச்சிறு வர்க்கத்துக்கான பின்சாய்கோட்டுக் குறி (\), ஓர் எச்சரிக்கை கொடுத்துவிட்டு ஒன்றுக்கு 6, மற்றவற்றுக்கு 0 தரும். நான்கு மூலைகளிலும் இவை எல்லாம் ஒரே விடையைத் தருகின்றன. ஆனால் அறையின் நடுப்புள்ளியில், அதாவது வெ = 0, ஈ = 0 என்ற இடத்தில், நம்பையின் கோவை 2 என்கிறது, ஆர் 6 என்கிறது. ஒரே தரவு! எது சரி என்று தரவுக்கே தெரியாது. நடுவில் யாரும் அளக்கவில்லை.

நம்பையில் இதைக் கண்டுபிடிக்க, மீச்சிறு வர்க்கக் கட்டளை திருப்பித் தரும் நான்கில் மூன்றாவதைப் பாருங்கள்: அதுதான் தரம். இரண்டாவதாக வர வேண்டிய, மிச்சங்களின் (அளந்ததுக்கும் கோவை தருவதற்கும் உள்ள வித்தியாசங்களின்) வர்க்கக் கூட்டல் காலியாக வந்தாலும் சந்தேகப்படுங்கள். தரம் குறைவாக இருந்தாலோ, புள்ளிகள் உறுப்புகளைவிட அதிகமாக இல்லாவிட்டாலோ அது காலியாகத்தான் வரும்.

புள்ளிகள் எல்லாம் வெவ்வேறாக இருந்தால் போதும் என்று நினைக்க வேண்டாம். ஒரு மாறியில் அது போதும், பல மாறியில் போதாது. ஒரு வட்டத்தின் மேல் ஆறு வெவ்வேறு புள்ளிகள் எடுத்து ஆறு உறுப்புக் கோவையைப் பொருத்திப் பாருங்கள், நடக்காது. வட்டத்தின் சமன்பாடே ஓர் இரண்டாம் படிக் கோவை, அது அந்த ஆறு புள்ளிகளிலும் பூச்சியம். அதை எத்தனை மடங்கு சேர்த்தாலும் தரவுக்குத் தெரியாது. எல்லாப் புள்ளிக் கூட்டங்களுக்கும் பொதுவாகச் செல்லும் உறுப்புத் தொகுதி பல மாறிகளில் கிடையவே கிடையாது என்று கணிதவியலாளர் மைர்ஹூபர் 1956-இல் நிரூபித்திருக்கிறார். ஆகவே இது மென்பொருள் தீர்க்கும் சிக்கல் அல்ல, அளக்கும் இடம் தீர்க்கும் சிக்கல்.

தீர்வு இரண்டுதான். அளக்க முடியுமானால் புள்ளிகளைச் சேருங்கள். ஒவ்வொரு மாறிக்கும் மூன்று மட்டம் வைத்து 3×3 கட்டமாக அளந்தால் ஒன்பது உறுப்பும் பிரிந்துவிடும். பாக்ஸும் வில்சனும் 1951-இல் சொன்ன மையக் கூட்டு வடிவமைப்பு நான்கு மூலைகள், அச்சுகளின் மேல் புள்ளிகள், ஒரு நடுப்புள்ளி என்று போகும். மாறிகள் கூடும்போது முழுக் கட்டத்தைவிட அதற்குக் குறைந்த அளவீடுகளே தேவைப்படும். அளக்க முடியாதென்றால் வெ², ஈ² இரண்டையும் கோவையிலிருந்து எடுத்துவிடுங்கள். கெழுக்களைச் சிறிதாக இழுத்துப் பிடிக்கும் ரிட்ஜ் முறையைப் போட்டு எச்சரிக்கையை அடக்குவது எனக்கு உடன்பாடில்லை: தரவில் இல்லாத தகவலை அது கொண்டுவராது, எச்சரிக்கையை மட்டும் மறைக்கும்.

வானிலைப் பதிவுகளில் இதன் மெல்லிய வடிவம் வரும். பகலில் வெப்பம் ஏற ஏற ஈரப்பதம் இறங்கும். ஒரு நாளின் பதிவை வரைந்தால் புள்ளிகள் ஒரு சாய்ந்த பட்டையில் ஒட்டிக்கொண்டு கிடக்கும். தரம் முழுதாகவே காட்டும், ஆனால் வெ-யின் விளைவையும் ஈ-யின் விளைவையும் பிரிக்க முடியாமல் கெழுக்களின் திட்டப்பிழைகள் (நிச்சயமின்மை) வீங்கிப்போகும். எந்தப் பொருத்தத்துக்கும் முன்னால் வெ-க்கு எதிராக ஈ-யை ஒரு தடவை வரைந்து பாருங்கள்.

"கெழுக்கள் பிரம்மாண்டமாக, கூட்டலும் கழித்தலுமாக வருகின்றன, ஒரு நிரையை நீக்கினால் எல்லாம் மாறுகிறது"

இது அளவுக் கோளாறு. வெ 80 முதல் 110 வரை சீராக ஓடும்போது வெ-க்கும் வெ²-க்கும் உள்ள ஒட்டுறவு 0.999. கணினிக்கு இரண்டும் கிட்டத்தட்ட ஒரே நிரல். வெ-யிலிருந்து நடுப்புள்ளியான 95-ஐக் கழித்து, 15-ஆல் வகுத்துவிட்டால் எண்கள் −1 முதல் +1 வரை வரும், அதே ஒட்டுறவு பூச்சியமாகிவிடும். ஈ-க்கு 70-ஐக் கழித்து 30-ஆல் வகுங்கள். இவ்வளவுதான் மருந்து. பெரும்பாலான "மோசமான கண்டிஷன்" எச்சரிக்கைகள் இதிலேயே அடங்கிவிடும்.

அழுத்தத்தைப் பாஸ்கலில் வைத்திருப்பவர்கள் இதைக் கட்டாயம் செய்ய வேண்டும். கடல்மட்ட அழுத்தம் 101325 பாஸ்கல். அதன் கனம் (மூன்றாம் அடுக்கு) சுமார் 10¹⁵. பக்கத்திலேயே மாறிலியின் நிரலில் 1 நிற்கிறது. இரட்டைத் துல்லிய எண்ணில் சுமார் 16 இலக்கங்கள்தான் இருக்கின்றன. உண்மையிலேயே தனித்தனியான நிரல்களைக்கூட மென்பொருள் "தரம் குறைவு" என்று தள்ளிவிடக்கூடும். அதனால் வரிசை முக்கியம்: முதலில் மாறிகளை −1 முதல் +1 வரை கொண்டுவாருங்கள், பிறகு தரத்தைப் பாருங்கள். அப்போதும் குறைவாக இருந்தால் அது புள்ளிகளின் இருப்பிடக் கோளாறு, முந்தைய பகுதிக்குப் போங்கள்.

கோடை நீங்களே எழுதியிருந்தால் இன்னொன்றையும் கவனியுங்கள். அணியின் இடமாற்றை அணியோடு பெருக்கி, நேர்மாறு எடுக்கும் பாடப்புத்தக வழியில் கண்டிஷன் எண் வர்க்கமாகிவிடும். 10⁸ இருந்தது 10¹⁶ ஆகும். அத்தோடு எல்லா இலக்கமும் போச்சு. அணியையே நேரடியாகக் காரணிகளாகப் பிரிக்கும் க்யூஆர் அல்லது எஸ்விடி வழியில் போகும் கட்டளைகளையே பயன்படுத்துங்கள். எக்செலின் லின்எஸ்ட்டும் 2003 பதிப்பில்தான் க்யூஆருக்கு மாறியது. இதைச் சோதிக்க அமெரிக்கத் தரநிர்ணய நிலையமான நிஸ்ட் சான்றளித்த தரவுகள் இருக்கின்றன. 82 புள்ளிகளுக்குப் பத்தாம் படியைப் பொருத்தச் சொல்லும் ஃபிலிப் என்ற தரவு ஒரு மாறியே ஆனாலும் பல கோடுகளைக் கவிழ்த்துவிடும்.

ஆறாம் படிக்கு மேல் போக வேண்டியிருந்தால் மாறிகளைச் சுருக்குவது மட்டும் போதாமல் போகலாம். அப்போது வெறும் அடுக்குகளை விட்டுவிட்டு ஒன்றோடொன்று எளிதில் குழம்பாத லெஜாண்டர் அல்லது செபிஷேவ் கோவைகளின் பெருக்கல்களை நிரல்களாக வையுங்கள். நம்பையில் இரண்டுக்கும் தயாரான கட்டளைகள் உண்டு.

"திரையில் அழகாகப் பொருந்துகிறது, வேறு இடத்தில் நகலெடுத்துப் போட்டால் குப்பை"

வெப்பக் குறியீட்டின் கடைசிக் கெழுவைப் பாருங்கள்: −0.00000199. நான்கு தசம இடம் காட்டும் திரையில் இது 0.0000 என்றுதான் தெரியும். வெ = 100, ஈ = 50 என்று போட்டால் வெ²·ஈ² இரண்டரைக் கோடி. அந்த ஓர் உறுப்பின் பங்கு மட்டும் 49.75 டிகிரி! ஒன்பது உறுப்பும் சேர்ந்தால் குறியீடு 118. கடைசியை விட்டுவிட்டால் 168. கெழு சிறியது என்பதால் உறுப்பும் சிறியது என்று ஆகாது. கெழுக்களைத் தசம இடங்களில் வெட்டாதீர்கள். பொருளுள்ள இலக்கங்களில் எழுதுங்கள், முடிந்தால் கோப்பாகவே சேமியுங்கள்.

இரண்டாவது காரணம், சுருக்கிய மாறிகளில் கிடைத்த கெழுக்களில் பழைய மாறிகளைப் போடுவது. மாட்லேபின் பாலிஃபிட்டில் மூன்றாவது விடையைக் கேட்டாலே மாறி சுருக்கப்பட்டுவிடும், பலர் அதைக் கவனிப்பதில்லை. செயற்கைக்கோள் படத்துறை இதில் நல்ல பழக்கம் வைத்திருக்கிறது. கார்ட்டோசாட்-1 உள்ளிட்ட படங்களோடு வரும் கோப்பில் அகலாங்கு, நெட்டாங்கு, உயரம் என்ற மூன்று மாறிகளுக்கான நான்கு மூன்றாம் படிக் கோவைகள் இருக்கும். கோவைக்கு 20 என மொத்தம் 80 கெழுக்கள். அவற்றோடு கழிக்க வேண்டியவை ஐந்து, வகுக்க வேண்டியவை ஐந்து என்று பத்து எண்களும் அதே கோப்பிலேயே வரும். உங்கள் கெழுக்களையும் அப்படியே 95, 15, 70, 30 ஆகிய நான்கு எண்களோடு சேர்த்தே வையுங்கள்.

மூன்றாவது, ஆர் மொழியின் பாலி கட்டளை. அது சாதாரண அடுக்குகளைத் தராது, செங்குத்துக் கோவைகளைத் தரும். பொருத்தத்துக்கு அது நல்லதே, ஆனால் அந்தக் கெழுக்களை வெ²-க்குப் பக்கத்தில் எழுதினால் பொருளில்லை. ஆருக்குள்ளேயே பிரெடிக்ட் மூலம் கணக்கிடுங்கள், அல்லது ரா என்ற தெரிவை இயக்குங்கள்.

"ஆர்-வர்க்கம் 0.999, ஆனால் புதுப் புள்ளியில் விடை பறக்கிறது"

உறுப்புகளை எண்ணுங்கள். மூன்று மாறி மூன்றாம் படிக்கு 20, ஐந்து மாறி நான்காம் படிக்கு 126, பத்து மாறி மூன்றாம் படிக்கு 286. 130 நிரைகளை வைத்துக்கொண்டு 126 உறுப்புகளைப் பொருத்தினால் ஆர்-வர்க்கம் (தரவின் ஏற்ற இறக்கத்தில் கோவை விளக்கும் பங்கு) ஒன்றைத் தொடத்தான் செய்யும், அதில் எந்தச் செய்தியும் இல்லை. தரவில் ஒரு பகுதியை ஒதுக்கிவைத்துச் சோதியுங்கள். அடுத்தடுத்த நேரங்களில் எடுத்த பதிவாக இருந்தால் அங்கொன்றும் இங்கொன்றுமாக ஒதுக்கிப் பயனில்லை, பக்கத்துப் புள்ளி விடையைக் காட்டிக்கொடுத்துவிடும். முழு நாளாக, முழு வாரமாக ஒதுக்குங்கள்.

புதுப் புள்ளி தரவின் எல்லைக்கு வெளியே இருந்தால் ஆராய ஒன்றுமில்லை. வெப்பக் குறியீட்டுச் சூத்திரம் 80 டிகிரிக்கும் மேலான குறியீடுகளுக்கு உரியது. அதற்குக் கீழே வானிலைச் சேவை வேறு எளிய சூத்திரத்துக்கு மாறிவிடுகிறது. வெ = 50, ஈ = 50 என்று இதில் போட்டுப் பாருங்கள், 99 வரும். குளிர்காற்று வீசும் பத்து டிகிரி செல்சியஸில் உடம்புக்கு 37 டிகிரி தெரிகிறது என்று பொருள்! பல மாறிகளில் எல்லையைத் தாண்டியது கண்ணுக்குத் தெரியாமலும் போகலாம். வெ தன் வீச்சுக்குள், ஈ தன் வீச்சுக்குள் இருந்தும், மேலே சொன்ன சாய்ந்த பட்டைக்கு வெளியே புள்ளி விழலாம். ஒவ்வொரு மாறியின் சிறுமம், பெருமம் பார்ப்பது போதாது. அருகில் உண்மையான அளவீடு இருக்கிறதா என்று பாருங்கள்.

"படியைக் கூட்டியும் மிச்சப்பிழையில் அலை போகவில்லை"

மிச்சங்களை ஒவ்வொரு மாறிக்கும் எதிராகத் தனித்தனியே வரையுங்கள். ஏதோ ஒரு மாறியில் மட்டும் சீரான வளைவு தெரிந்தால், அந்த மாறி சாதாரண அடுக்குகளுக்கு அடங்கவில்லை. கடல்நீரின் அடர்த்திக்கு யுனெஸ்கோ 1980-இல் ஏற்ற சமன்பாட்டில் 41 கெழுக்கள் இருக்கின்றன. வெப்பநிலைக்கு முழு எண் அடுக்குகள்தான், ஆனால் உப்புத்தன்மைக்கு ஒன்றரை அடுக்கும் இருக்கிறது. நீங்களும் அந்த மாறியின் வர்க்கமூலத்தையோ மடக்கையையோ தலைகீழியையோ இன்னொரு நிரலாகச் சேர்க்கலாம். கெழுக்களைப் பொறுத்தவரை அது இன்னமும் நேரியல்தான், அதே மீச்சிறு வர்க்கக் கட்டளை அப்படியே வேலை செய்யும். நிரலைச் சேர்த்த பிறகு தரத்தையும் கண்டிஷன் எண்ணையும் மறுபடி அச்சிட்டுப் பாருங்கள். குறுகிய வீச்சில் வர்க்கமூலமும் அந்த மாறியும் ஏறக்குறைய ஒரே நிரலாகிவிடும்.